வீட்டை இல்லத்துக்கு எழுதிவைக்கலாமா? ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 71. கணவர் அரசு ஊழியர். 2014ல் உயில் எதுவும் எழுதாமல் திடீரென்று இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. கணவர் 1988ல் மனை வாங்கி, வீட்டுக் கடனில் கட்டிய வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறார். தந்தை இறந்தபின் பாகப்பிரிவினையில் வந்த 60 சென்ட் நஞ்சை ஒன்று குத்தகையில் இருக்கிறது. வங்கியில் 18 லட்சம் ரூபாய் வைப்புநிதி. நாமினி தங்கை மகள். 24 பவுன் நகை. அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அந்தத் தங்கை மகள்தான்.

"எனக்குப் பிறகு வீடு எங்கள் ஊர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, தங்கை மகளுக்கு நகை, மற்றதெல்லாம் தர்மத்துக்கு. இதைத்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் கொழுந்தன் பிள்ளைகள் 'பூர்வீகச் சொத்தை வெளியாருக்குத் தர உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்கிறார்கள். பத்திர எழுத்தர், பதிவு செய்யாத உயில் செல்லாது, முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், நாமினி போட்டாலே போதும் என்கிறார். இல்லத்தின் நிர்வாகியோ, உயில் எல்லாம் தகராறில் முடியும், இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள், கடைசிவரை உங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

நால்வர் சொன்னதிலும் முழுச் சரி என்று ஒன்றும் இல்லை. ஆனால் கொழுந்தன் பிள்ளைகள் சொன்னதில், அவர்களுக்கே தெரியாமல், பாதி உண்மை இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எது உங்களுடையது?

உங்கள் கணவர் தன் சம்பளத்தில் வாங்கிய மனை, கடன் வாங்கிக் கட்டிய வீடு. அது பூர்வீகச் சொத்து அல்ல, அவருடைய சுயசம்பாத்தியம். ஆகவே 'பூர்வீகம்' என்ற பேச்சு நிற்காது. நஞ்சையும் அப்படித்தான். பிறந்த வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த பங்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ன் 14வது பிரிவின்படி முழுக்க முழுக்க உங்களுடையது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆனால் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வாரிசுச் சான்றிதழ் நகலை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். தாசில்தார் முத்திரைக்கு மேலே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதல் வரிசையில் நீங்கள், மனைவி. இரண்டாம் வரிசையில் உங்கள் மாமியார், தாயார் என்று. கணவர் இறந்தபோது மாமியார் உயிரோடு இருந்திருக்கிறார்; 2017ல்தான் காலமானார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்துக்கு மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். பிள்ளைகள் இல்லாததால் வீடு அன்றைக்கே இரண்டு பங்காகிவிட்டது: பாதி உங்களுக்கு, பாதி மாமியாருக்கு. மாமியாரும் உயில் எழுதாமல் போனதால், அவருடைய பாதி அவர் பிள்ளைகளான உங்கள் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் இறங்கிவிட்டது. இன்றைய கணக்கில் வீட்டில் உங்களுக்கு இரண்டில் ஒரு பங்கு. அவர்களுக்கு ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. கொழுந்தனார் உயிரோடு இருப்பதால் அவர் பிள்ளைகளுக்கு இப்போது எந்த உரிமையும் கிடையாது. சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பங்கு இல்லை, பங்கு உள்ளவர்கள் வாயே திறக்கவில்லை. குடும்ப வழக்குகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வீட்டு வரி உங்கள் பெயரில் இருக்கிறதே, பதினோரு வருடமாக நான் மட்டும்தானே குடியிருக்கிறேன் என்று கேட்பீர்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கூட்டுப் பங்குதாரர்களில் ஒருவர் குடியிருந்தால் மற்றவர்களுக்காகவும் சேர்த்தே குடியிருப்பதாகத்தான் நீதிமன்றம் முதலில் கொள்ளும். வெறும் வருடக் கணக்கைக் காட்டி அவர்கள் பங்கை இல்லாமல் ஆக்க முடியாது.

இந்த நிலையில் 'வீட்டை இல்லத்துக்கு எழுதிவைக்கிறேன்' என்று நீங்கள் எழுதினால், இல்லத்துக்குப் போய்ச் சேருவது பாதி வீடும் ஒரு பாகப்பிரிவினை வழக்கும். குழந்தைகளுக்குச் சோறு போடும் இடம் வக்கீலுக்குப் பீஸ் கட்டிக்கொண்டிருக்கும்.

என்ன செய்யலாம்? என் யோசனை, முதலில் நாத்தனாரிடம் பேசுங்கள். அவர் உங்களோடு நல்ல முறையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி நினைவாகக் குழந்தைகள் இல்லம் என்றால் சம்மதிக்கக்கூடியவர் அவர்தான். அவர் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நான்கில் மூன்று உங்களுடையது ஆகிவிடும். கொழுந்தனாரும் விட்டுக்கொடுத்தால் முழு வீடும் உங்களுடையது. சும்மா தர மனம் இல்லையென்றால் அவருடைய கால் பங்குக்கு விலை பேசிக் கொடுத்து வாங்கலாம். வாய்ச்சொல் மட்டும் போதாது, பத்திரம் பதிவாக வேண்டும். 'கொழுந்தனார் ஒன்றும் கேட்கமாட்டார்' என்பது அவர் காலத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் கேட்பவர்கள் அவர் பிள்ளைகள்.

இருவரும் மறுத்தால், வீட்டை வீடாகக் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் பங்கை விற்று (வாங்கும் முதல் வாய்ப்பைக் கொழுந்தனார் குடும்பத்துக்கே கொடுத்து) வரும் தொகையை இல்லத்தில் சேர்க்கும்படி உயிலில் எழுதலாம். குழந்தைகளுக்குச் செங்கல்லைவிடப் பணம் கூடுதலாகவே உதவும்.

நஞ்சைக்கும் இதையே சொல்வேன். குத்தகைதாரர் இருக்கும் நிலத்தை ஓர் அறக்கட்டளைக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு அது தலைவலிதான். தமிழ்நாட்டில் உழுபவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. குத்தகைதாரரே வாங்கத் தயாரா என்று உங்கள் காலத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை இல்லாத, கணவரை இழந்த இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், சொத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் பிரிக்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15வது பிரிவு. தந்தை வழியில் வாரிசாக வந்த நஞ்சை, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். கணவரிடமிருந்து வந்த வீட்டுப் பங்கு கணவரின் வாரிசுகளுக்குப் போகும். சரி, நீங்கள் முப்பது வருடம் சாக்பீஸ் தூசியைச் சுவாசித்துச் சம்பாதித்த 18 லட்சம்? அதுவும் கணவரின் வாரிசுகளுக்குத்தான். உங்கள் சொந்தத் தங்கைக்குக் கூட அல்ல. இது நியாயமா என்ற கேள்வி 2009ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தின் வாசகம் இப்படி இருக்கும்போது இரக்கம் காட்டித் தீர்ப்பை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால், பிள்ளையில்லாத பெண்களுக்கு உயில் என்பது விருப்பப்பட்டால் செய்கிற காரியம் அல்ல, செய்தே ஆக வேண்டியது.

நாமினி போட்டால் போதாதா?

போதாது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் கை மட்டுமே. பணத்தின் சொந்தக்காரர் அல்ல. காப்பீட்டுத் தொகை விஷயத்தில் 1983லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் மறுபடி உறுதி செய்தது. உங்கள் தங்கை மகள் 18 லட்சத்தை வாங்கி, நீங்கள் வாயால் சொன்னபடி பள்ளிக்குக் கொடுக்கப் போனால், கொழுந்தனார் 'அது எங்கள் பணம்' என்று அவள்மேல் வழக்குப் போடலாம். நல்லது செய்யப் போன பெண்ணை நீங்களே கோர்ட்டுக்கு அனுப்பியதாக ஆகிவிடும். உயில் இருந்தால் அவள் யாருக்காக வாங்குகிறாள் என்பது தெளிவாகிவிடும்.

நாமினியாக இல்லத்தின் பெயரையே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி வைப்புநிதிக்கு முடியாது. தனி நபர்களைத்தான் போட முடியும். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போட வழி வந்திருக்கிறது, அவ்வளவுதான். மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் அறக்கட்டளையை நாமினியாக ஏற்கிறார்கள்.

இப்போதே செட்டில்மென்ட்?

இல்லத்து நிர்வாகி கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உயில் தகராறில் சிக்குவதைப் பார்த்துச் சலித்தவராக இருக்கலாம். ஆனால் அவருடைய யோசனையில் லாபம் அவர் பக்கம், ஆபத்து உங்கள் பக்கம்.

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் நீங்களாகப் போய் ரத்துசெய்ய முடியாது. குடும்பத்துக்கு வெளியே எழுதுவதால் வழிகாட்டி மதிப்பின் பேரில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் கணிசமாக வரும். உயிலோ நீங்கள் இருக்கும்வரை வெறும் காகிதம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம், எழுதிய பிறகு வீட்டை விற்கவும் செய்யலாம். மூட்டு ஆபரேஷனுக்கோ வேறெதற்கோ பெருந்தொகை தேவைப்பட்டால் உங்கள் சொத்து உங்கள் கையில் இருக்க வேண்டாமா? 71 வயதில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் உங்களைக் கவனித்துக்கொள்வது உங்களுக்குப் பெரிய ஆறுதல் என்று தோன்றினால், செட்டில்மென்ட் எழுதுவதிலும் தவறில்லை. ஆனால் இரண்டு வாசகங்கள் பத்திரத்துக்குள் இருந்தே ஆக வேண்டும்: ஆயுள்வரை வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு, உணவு, மருத்துவம், பராமரிப்பு தருவது அவர்கள் கடமை. அப்படி நிபந்தனை எழுதியிருந்தால், கடமை தவறும்போது மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007ன் 23வது பிரிவின்படி வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். நிபந்தனை பேச்சில் மட்டும் இருந்து பத்திரத்தில் இல்லாவிட்டால் அல்லாட வேண்டியிருக்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. உதவித்தொகைக்கு ஒரு சிறு தொகையை இந்த வருடமே பள்ளிக்குக் கொடுத்துப் பாருங்கள். யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கணக்கு எப்படிக் காட்டுகிறார்கள், வருட முடிவில் கடிதம் போடுகிறார்களா என்பது தெரிந்துவிடும். இல்லத்திலும் அப்படியே. உயிலில் தொகையை எழுதுவதற்கு முன் இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. உயிருடன் இருக்கும்போது பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான் வருமான வரிச் சலுகையும் உண்டு; அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இல்லாமல் கொடுத்தால். உயில் வழியாகப் போகும் கொடைக்கு உங்களுக்கு வரிச் சலுகை எதுவும் வராது. வாரிசு வரி பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் எஸ்டேட் வரி 1985லேயே போய்விட்டது.

உயிலில் வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

"மற்றதெல்லாம் தர்மத்துக்கு" என்று நீங்கள் எழுதியிருப்பது படிக்க அழகாக இருக்கிறது. உயிலில் அது நிற்காது. எந்தத் தர்மம், யாருக்கு, எவ்வளவு என்று நீதிமன்றம் கேட்கும். 1899ல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) வரை போன ஒரு பம்பாய் வழக்கில், தர்மத்துக்கு என்று மட்டும் எழுதியிருந்த கொடை தெளிவில்லாதது, செல்லாது என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கொடை செல்லாமல் போனால் அந்தப் பங்கு மேலே சொன்ன 15வது பிரிவின்படி கொழுந்தனார் பக்கம் போய்விடும்.

ஆகவே காரியத்தையும் ஆளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்று, பதிவில் இருப்பது வேறொன்றாக இருக்கும். அது அறக்கட்டளையா, சங்கமா, லாபநோக்கற்ற கம்பெனியா என்று கேட்டு, பதிவுப் பத்திரத்தில் உள்ள முழுப்பெயர், பதிவு எண், பான் எண், முகவரி நான்கையும் எழுதுங்கள். 'இல்லத்தை நடத்தும் இன்னார் ஐயாவுக்கு' என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் வீடு அந்த ஐயாவின் சொந்தச் சொத்து; அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்கு. குழந்தைகள் இல்லம் என்பதால் சிறார் நீதிச் சட்டம் 2015ன்படி பதிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அப்புறம், நீங்கள் நூறு வயது வரை இருக்கலாம், அதற்குள் இல்லம் மூடப்பட்டுவிடலாம். "அந்த நிறுவனம் அப்போது இயங்காவிட்டால் இதே நோக்கமுள்ள இன்ன நிறுவனத்துக்கு" என்று ஒரு மாற்றும் வேண்டும். கடைசியாக, உயிலில் பெயர் சொல்லாத பொருள் எதுவாக இருந்தாலும், பின்னால் வரக்கூடிய நிலுவைப் பணம் உட்பட, மிச்சம் எல்லாம் யாருக்கு என்று ஒரு வரி. பலர் மறப்பது இந்த ஒரு வரியைத்தான்.

உதவித்தொகையில் ரொம்பவும் கட்டிப்போடாதீர்கள். 'எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும், தந்தை இல்லாத, இன்ன தெருப் பெண்ணுக்கு' என்றால் இருபது வருடம் கழித்து அப்படி ஒரு பெண் கிடைக்கமாட்டாள்; பணம் வங்கியில் தூங்கும். பள்ளியில் படிக்கும் வசதியற்ற மாணவியருக்கு, வட்டியிலிருந்து, தலைமையாசிரியரும் உங்கள் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம் என்பது போதும்.

கோயிலில் அன்னதானக் கட்டளை வைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் நிலமாகத் தராதீர்கள், பணமாகத் தாருங்கள். அறநிலையத் துறைச் சட்டம் 1959ன் 34வது பிரிவின்படி கோயில் நிலத்தை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. கட்டளைச் செலவுக்கு நிலத்தை விற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துக் கொடுத்தால் அது நடக்காது.

கையெழுத்து, சாட்சி, பதிவு

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயம் இல்லை. பத்திர எழுத்தர் சொன்ன இரண்டும் தவறு. கட்டாயமானது, நீங்கள் கையெழுத்திடுவதும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திடுவதும்தான். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ன் 63வது பிரிவு கேட்பது இவ்வளவே.

இருந்தும் உங்கள் விஷயத்தில் பதிவு செய்யுங்கள் என்றே சொல்வேன். எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே எழுதுகிறீர்கள். சார்பதிவாளர் முன் நீங்களே போய் நின்று கைரேகை வைத்தால், 'பெரியம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது, இல்லத்துக்காரர்கள் ஏமாற்றி வாங்கிவிட்டார்கள்' என்ற பேச்சு பலவீனமாகும். நடக்க முடியாதவர்களுக்காகப் பதிவாளர் வீட்டுக்கே வர வழி உண்டு. நீங்கள் இருக்கும்வரை பதிவான உயிலின் நகலை வேறு யாரும் வாங்க முடியாது. ரகசியம் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கூண்டில் ஏற வேண்டும். உங்கள் வயதுத் தோழிகள் இருவரைப் போட்டால் அப்போது யார் இருப்பார்கள்? ஒருவர் உங்களைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டராக இருந்தால் மிக நல்லது. அன்றைய தேதியிலேயே, நல்ல நினைவுடன் இருக்கிறீர்கள் என்று அவரிடம் ஒரு சான்றும் வாங்கி வையுங்கள். இல்ல நிர்வாகி சாட்சி போடவே கூடாது. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கே எழுதிவைத்த கொடை செல்லாது. அந்தப் பிரிவு இந்துக்களுக்குப் பொருந்தாது என்றாலும், பலன் பெறுபவர் பக்கத்தில் நின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்பது 1958லிருந்து உறுதியான சட்டம். பதிவு அன்றைக்கு இல்லத்து வண்டியில் போகாதீர்கள் என்பது என் சொந்தப் புத்திமதி.

கொழுந்தனார், நாத்தனார், தங்கை எல்லோரையும் உயிலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுக்கு ஏன் தரவில்லை அல்லது ஏன் குறைவாகத் தருகிறீர்கள் என்று இரண்டு வரி மரியாதையாக எழுதுங்கள். 'அவர்கள் வசதியாக இருக்கிறார்கள்' என்பதே போதும். பழைய வருத்தங்களைக் கொட்ட வேண்டாம்.

நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் உங்கள் உயிலுக்கு இல்லை.

யார் கையில் ஒப்படைப்பது?

அறக்கொடை உயில்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794ல் இறந்தபோது கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் பெருஞ்செல்வத்தை உயிலில் எழுதிவைத்தார். பொறுப்பில் இருந்தவர்களின் கையில் பணம் சீரழிந்து, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் தலையிட்டு, நீதிமன்றம் திட்டம் வகுத்து, சேர்ந்திருந்த பணத்திலிருந்து பள்ளி தொடங்கியது 1842ல். அவர் இறந்து 48 வருடம் கழித்து!

உங்கள் உயிலில் எக்ஸிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றுபவர், ஒருவரையாவது பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் முடியாமல் போனால் இன்னொருவர். தங்கை மகள் ஒருவர் என்பது சரிதான். கடிதத்தில் சொன்ன, வங்கியில் வேலை பார்க்கும் உங்கள் பழைய மாணவரை இரண்டாமவராகப் போடலாம். முதலில் அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். சொத்தை விற்கவும், வைப்புநிதியை முடிக்கவும், கொடைகளைப் பகிர்ந்தளிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் என்று தெளிவாக எழுதுங்கள். செலவுக்கு ஒரு தொகையும் ஒதுக்குங்கள். பிறர் தர்மத்துக்காக அவர்கள் சொந்தக் காசில் பஸ் ஏறி அலையக்கூடாது.

உயிலின் அசலை வங்கி லாக்கரில் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் போனபின் லாக்கரைத் திறக்க உயிலைக் கேட்பார்கள், உயிலோ லாக்கருக்குள் இருக்கும். மாவட்டப் பதிவாளரிடம் சீல் வைத்த உறையில் ஒப்படைக்கும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் அசல் தங்கை மகளிடம், நகல் மாணவரிடம்.

கிறிஸ்தவ வாசகர்கள் சிலர் இதே கேள்வியை முன்பு கேட்டிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை பிள்ளைகளோ இன்னும் நெருங்கிய உறவோ உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்தால்தான் அறக்கொடை செல்லும் என்ற இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118வது பிரிவை 2003ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இஸ்லாமியர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

டீச்சர், உங்கள் கடைசிப் பக்கத்தில் கண்தானம் செய்ய விரும்புவதாகவும் அதையும் உயிலில் சேர்க்கச் சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துப் பயனில்லை. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உயிலைப் பிரிப்பது பெரும்பாலும் காரியம் எல்லாம் முடிந்தபின். கண் வங்கியில் பெயர் கொடுத்துவிட்டு, தங்கை மகளிடம் நேரில் சொல்லி வையுங்கள். நாத்தனாரிடமும் சொல்லலாம். விடுதலைப் பத்திரம் பற்றிப் பேசப் போகிறபோதே சொல்லிவிடுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதினால், உயிலின் வரைவை அதற்கேற்றபடி பார்த்துச் சொல்கிறேன்.